குட்வில்: நற்பெயரா, வாடிக்கையா?

சிறிய உணவகம் ஒன்று கைமாறும்போது பேச்சில் மூன்று தொகைகள் அடிபடும். கட்டட உரிமையாளரிடம் கிடக்கும் அட்வான்ஸ் ஒன்று. கிரைண்டர், ஃபிரிட்ஜ், மேசை நாற்காலிகளுக்கான விலை ஒன்று. அதற்கு மேல் "குட்வில்". முதல் இரண்டுக்கும் ரசீது காட்டலாம். பேரம் முறிவது மூன்றாவதில்தான்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய பொருள் நல்லெண்ணம். 1571-இல் எழுதப்பட்ட ஓர் உயிலில், ஒருவர் கல்குவாரியில் தமக்கிருந்த உரிமையையும் அதன் 'குட்வில்'லையும் இன்னொருவருக்கு விட்டுச் சென்றிருக்கிறார். வணிகப் பொருளில் கிடைக்கும் மிகப் பழைய சொல்லாட்சி என்று அதைத்தான் காட்டுவார்கள். பிறகு 1810-இல், சரக்கு வண்டித் தொழில் பற்றிய வழக்கொன்றில் இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு சொன்ன விளக்கம் இன்றும் மேற்கோளாகிறது: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்பு, அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'நல்லெண்ணம்' என்ற சொல் 'நல்லெண்ணத் தூதர்'களோடு போய்விட்டது. "நல்லெண்ணத்தை எட்டு லட்சத்துக்கு விற்றார்" என்றால் சிரிப்புதான் வரும். கணக்குப்பதிவியல் பாடநூல் 'நற்பெயர்' என்கிறது. 'நன்மதிப்பு' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழையல்ல. ஆனால் நற்பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்வது. விற்பவர் எழுந்து போகும்போது அதுவும் கூடவே போய்விடுமே!

நான் காலையில் சாப்பிடும் மெஸ் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் கைமாறியது. புதியவர் பெயர்ப்பலகையை மாற்றவில்லை, விலையையும் ஏற்றவில்லை. பழைய உரிமையாளரோ, "உங்களுக்குக் காரச் சட்னிதானே?" என்று கேட்டுக்கொண்டே இலை போடுவார். அவர் போன மறுவாரம் சட்னி அரைத்த மாஸ்டரும் போய்விட்டார். ஏழரை மணிக்கு இடம் பிடிக்க நின்ற கூட்டம் மூன்று மாதத்தில் நாலைந்து பேராகக் குறைந்தது. புதியவர் பெரும் பணம் கொடுத்து வாங்கியது அந்த ஏழரை மணிக் கூட்டத்தை. கைக்கு வந்தது பலகை மட்டும்.

எனவே என் தேர்வு 'வாடிக்கை'. தெலுங்கில் வாடுக, கன்னடத்தில் வாடிகெ என்று இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. மூன்றிலும் வழக்கம், பழக்கம் என்பதே அடிப்பொருள். கால்கள் பழகிய வழியில் திரும்பி வருவதற்குத்தான் விலை. எல்டன் சொன்னதும் இதுவே. ஆவணத்தில் எழுத 'வாடிக்கை மதிப்பு' போதும். சிலர் இதையே 'பகடி' என்பதுண்டு. அது மும்பைப் பக்கத்துச் சொல். தலைப்பாகை என்று பொருள். கடையைப் பிடிக்க வாடகைக்கு மேல் கொடுக்கும் முன்பணம். இடத்துக்கான பணம் வேறு, வாடிக்கைக்கான பணம் வேறு. தமிழில் பகடி என்றால் கேலி என்பது தற்செயல்தான்!

ரசீது இல்லாத இச்சரக்கு நீதிமன்றத்துக்கும் வந்தது. பெங்களூரு ஊதுபத்தி நிறுவனம் ஒன்றின் வழக்கில், தானாக வளர்ந்த குட்வில்லுக்கு அடக்கவிலை இல்லை, ஆகவே மூலதன ஆதாய வரியும் (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது. பின்னர் சட்டத்தைத் திருத்தி, அடக்கவிலை பூஜ்யம் என்று வைத்து வரிக்குள் கொண்டுவந்தார்கள்.

மதிப்பிடும் எளிய முறை: மூன்றாண்டு லாபம் 4, 5, 6 லட்சம் என்றால் சராசரி 5, இரண்டாண்டுக் கொள்முதல், அதாவது சராசரியின் இரு மடங்கு, என்று பேசினால் 10 லட்சம். கல்லாவில் உட்காரும் உரிமையாளரின் சம்பளத்தையும் கழித்த பிறகே அது லாபம். பில் போடாத விற்பனையைக் காட்டி வாடிக்கை மதிப்பு கேட்க முடியாது. வாங்குபவர் கணக்கேட்டைத்தான் நம்புவார்.

குட்வில்லை விற்றவர் அதே வட்டாரத்தில் அதே தொழிலை நடத்தமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், வரம்பு நியாயமாக இருக்கும்வரை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. ஆகவே பத்திரத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் கடைப்பெயர், பார்சலுக்கு அழைக்கும் தொலைபேசி எண், சட்னியின் அளவுக் குறிப்பு, உரிமையாளர் ஒரு மாதம் கூட இருந்து பழக்கிவிடுவது, எத்தனை கிலோமீட்டருக்குள் கடை போடக்கூடாது என்பது எல்லாம் தனித்தனியாக வரவேண்டும். மாஸ்டரை மட்டும் பத்திரத்தில் எழுத முடியாது. அவரிடம் நேரில்தான் பேசவேண்டும்.