கணினிக் கம்பனிப் பங்கு வாங்கமுன் களஞ்சியத்தைப் பாருங்கள்

கணினி பொருத்தி விற்கும் சிறிய கம்பனியொன்றின் ஆண்டறிக்கை கிடைத்ததும் பலரும் தேடுவது இலாபத்தை. அதை விட்டுவிட்டு ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் கூற்று) ‘இருப்பு’ என்ற, விற்காமல் கையிலுள்ள சரக்கைக் காட்டும் வரிக்குப் போங்கள். களஞ்சியத்தில் கிடக்கும் அரிசி விலை ஏறவும் கூடும். மதர்போர்ட் அப்படியில்லை. புதிய புரொசசர் வந்தால் பழைய சொக்கெட் (புரொசசரைச் செருகும் இடம்) உள்ள போர்டை வாங்க ஆள் குறைந்துவிடும்.

விற்பனைக் கிரயம், அதாவது விற்ற சாமானுக்கான செலவு, வருடத்துக்கு 800 மில்லியன் ரூபா, இருப்பு 240 மில்லியன் என்று வையுங்கள். 240ஐ 800ஆல் பிரித்து 365ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 110 நாள்; சரக்கு விற்றுப்போக எடுக்கும் காலம் அது. வருமதி (வாடிக்கையாளர் தரவேண்டிய காசு) 90 நாளும் சென்மதி (விநியோகத்தருக்குக் கொடுக்கவேண்டிய காசு) 45 நாளும் என்றால், 110ஓடு 90ஐக் கூட்டி 45ஐக் கழிக்க, போட்ட காசு திரும்ப 155 நாள் பிடிக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் வங்கி மேலதிகப்பற்றும் குறுங்காலக் கடனும்தான். அரசாங்கக் கேள்விப்பத்திரங்களை நம்பும் கம்பனி என்றால் வருமதியின் வயதுப் பகுப்பாய்வை (எந்தத் தொகை எவ்வளவு காலமாக வராமல் கிடக்கிறது என்ற பட்டியல்) வரிவரியாகப் படியுங்கள்.

வாங்கின விலை, விற்றால் செலவு போக மிஞ்சும் தொகை, இரண்டில் குறைந்ததையே இருப்பின் பெறுமதியாகக் காட்டவேண்டும் என்கிறது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2. இருப்பு வீங்குகிறது, பெறுமதி இறக்கத்துக்கான ஏற்பாடு (விலை விழுந்த சரக்குக்காக ஒதுக்கும் தொகை) மட்டும் அசையவில்லை என்றால் இலாபம் ஊதிக்கிடக்க இடமுண்டு. கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் அதே மொடல் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தாலே பாதி விளங்கிவிடும்.

2022 கணக்குகளில் கவனம். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது. பழைய விலைக்கு இறக்கின சாமானைப் புது விலைக்கு விற்றால் மொத்த இலாபம் தானாகவே துள்ளும். அதில் முகாமைத்துவத்தின் கெட்டித்தனம் எதுவுமில்லை. டொலரில் கடன் வைத்திருந்தவர்களின் செலாவணி நட்டமோ நிதிச் செலவுக்குள் ஒதுங்கியிருக்கும். ஆகவே ஐந்து வருடத் தேறிய இலாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடத் தொழிற்பாட்டுக் காசுப்பாய்ச்சலோடு, அதாவது வியாபாரத்தால் உண்மையில் கைக்கு வந்த காசோடு, ஒப்பிடுங்கள். காசு தொடர்ந்து பின்தங்கினால் பங்கு எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் நாங்கள் தொடச் சொல்லமாட்டோம்.

உத்தரவாதக் குறிப்பையும் தட்டிப் பாருங்கள். மூன்று வருட உத்தரவாதம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டு விநியோகத்தரிடம் ஒரு வருடம்தான் வாங்கியிருந்தால் மிச்ச இரண்டு வருடமும் கம்பனியின் தலையில்.

கடைசியாக, முதல் இருபது பங்குதாரர் பட்டியல். பெரும்பகுதி இரண்டு மூன்று கைகளில் இருந்தால் சந்தையில் புழங்கும் பங்கு சொற்பம். நாளுக்குச் சராசரி 2,000 பங்கு கைமாறும் இடத்தில் 50,000 பங்கை விற்க, வாங்குவோர் எல்லாரும் உங்களிடமே வாங்கினாலும் 25 சந்தை நாள் வேண்டும்.