சீட்டு உறுதியாகியும் விமானத்தில் ஏற்ற மறுத்தால்

இருக்கைகளைவிடக் கூடுதலாகச் சீட்டு விற்பதை இந்திய விதிகள் தடுக்கவில்லை. ஆனால் அதனால் இடமிழக்கும் பயணியை வெறுங்கையோடு அனுப்பிவிடவும் முடியாது. டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, தாமாக இடம் விட்டுத்தர முன்வருவோர் உண்டா என்று நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். எவரும் முன்வராத நிலையில், உறுதியான சீட்டுடன் நேரத்துக்கு வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும்.

முதல் விமானம் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானத்தில் இடம் தந்துவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இருமடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். அந்தத் தொகை 4,000 ரூபாயாக இருந்தால் முறையே 8,000, 16,000 ரூபாய் கிடைக்கும். மாற்று விமானமே வேண்டாம் என்பவருக்குச் சீட்டுப் பணம் முழுவதும், அதனுடன் நான்கு மடங்கு இழப்பீடும் அதே 20,000 ரூபாய் வரம்புக்குள் உண்டு. இந்த விதியை மீறியதற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டி.ஜி.சி.ஏ. 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

வழக்கு பெரும்பாலும் தடுமாறுவது தொகையில் அல்ல, காரணத்தில்தான். இடமில்லாததால் நிறுத்தப்பட்டவரையே "தாமதமாக வந்தார்" என்று நிறுவனம் பின்னர் சொன்னால், அதை மறுக்கப் பயணியிடம் சான்று இருக்க வேண்டும். ஆகவே மறுப்பின் காரணத்தைக் கவுன்ட்டரிலேயே எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அங்கிருந்தபடியே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரம் தெரியும்படி எடுத்த ஒளிப்படம், போர்டிங் பாஸ், வந்த குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெறும்போது, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் உள்ள தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். விசா, பாஸ்போர்ட் குறைபாட்டால் நிறுத்தப்பட்டவருக்கு இந்த இழப்பீடு பொருந்தாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பதில் நிறைவளிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியையும், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தையும் நாடலாம். அதுவும் பலிக்காதபோது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் உள்ள ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.