கடைப்பிடி: ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதற்கு உரிய தமிழ்ச் சொல்

சமூக ஊடகத்தை ‘மைண்ட்ஃபுல்’ ஆக, அதாவது தன் நிலையை உணர்ந்தபடி, பயன்படுத்தினால் அதுவே தன்னை அறியும் வழியாகும் என்ற கருத்தைத் தமிழில் எழுத முற்படுபவர் முதலில் இடறுவது அந்த ஒற்றைச் சொல்லில்தான். ‘கவனத்துடன்’ என்று எழுதினால், கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி அனுப்பும் எச்சரிக்கை போல அது ஒலிக்கிறது. ‘விழிப்புணர்வுடன்’ என்றால், பதாகை ஏந்திய பள்ளி மாணவர்களின் பேரணி கண்முன் வருகிறது. விழிப்புணர்வு என்பது இன்று ஒருவர் மற்றவருக்கு ‘ஏற்படுத்தும்’ ஒன்றாகிவிட்டதே தவிர, ஒருவர் தமக்குள் காத்துவரும் ஒன்றாக இல்லை. ‘மனநிறைவு’ என்று சிலர் எழுதுவது வெளிப்படையான பிழை, ஏனெனில் அது திருப்தியைக் குறிக்கும் சொல். ‘சுயநினைவோடு’ என்று எழுதத் துணிந்தால், விபத்துச் செய்திகளில் வரும் ‘சுயநினைவு இழந்த நிலையில்’ என்ற தொடர் குறுக்கே வந்து நிற்கும். ‘பிரக்ஞை’ சிறுபத்திரிகை வாசகர்களைத் தாண்டிப் போவதில்லை. ‘நினைவாற்றல்’ என்ற மொழிபெயர்ப்பையும் ஆங்காங்கே காணலாம்; அது தேர்வுக் காலத்து வல்லாரைக் கீரையை நினைவூட்டி நகைப்புக்கு இடமாகிறது. ஆனால் வேரை ஆராய்ந்தால், இவை அனைத்திலும் மூலத்துக்கு மிக அருகில் நிற்பது நகைப்புக்கு உள்ளான இந்தச் சொல்தான்.

‘மைண்ட்ஃபுல்’ என்ற ஆங்கிலச் சொல் பழையதே ஆயினும், அதன் இன்றைய பொருள் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியிலிருந்து வந்தது. இலங்கையில் ஆங்கிலேய அரசின் குடிமைப் பணியில் இருந்த காலத்தில் பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில், ‘சதி’ என்ற பாலிச் சொல்லுக்கு ஈடாக ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதை வைத்தார். பாலியின் ‘சதி’ வடமொழியின் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் வேர்ப்பொருள் நினைத்தல், நினைவில் வைத்தல் என்பதே. ஆங்கிலத்தின் ‘மைண்ட்’ என்பதும் பழைய வழக்கில் நினைவைக் குறித்த சொல்லாதலால், அவருடைய தேர்வு பொருத்தமாகவே அமைந்தது. தமிழில் எழுதுபவருக்கோ இரண்டு மூலச் சொற்களும் பயன்படாமற் போயின. பாலிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் சூழ்ச்சி என்று படிப்பார்கள். வடசொல்லை எழுதினால் மனு தருமத்தைப் பற்றிய வாதம் தொடங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லின் பொருள் சற்றே நகர்ந்தது. கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியப் பிக்குவான நியானபோனிக்க தேரர், தியானப் பயிற்சியின் தொடக்க நிலையை விளக்கும்போது, கருத்தேற்றம் எதுவும் இல்லாத ‘வெறும் கவனம்’ என்பதை வலியுறுத்தினார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்றவர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, நிகழ்கணத்தில் வேண்டுமென்றே, தீர்ப்புச் சொல்லாமல் கவனம் செலுத்துவதே மைண்ட்ஃபுல்னெஸ் என்று வரையறுத்தார். மருத்துவமனைச் சூழலுக்கு அது ஏற்ற வரையறைதான். எனினும், அது பரவப் பரவ ‘வேண்டுமென்றே’ என்ற பகுதி உதிர்ந்து, ‘நிகழ்கணத்தில் இரு’ என்ற பகுதி மட்டும் சுவரொட்டி வாசகமாக எஞ்சியது; நினைவு என்ற ஆதிப் பொருளோ முற்றிலும் மறைந்தது.

சமூக ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மறைவு பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து ரீல்ஸ் பார்ப்பவரிடம் கவனத்துக்குக் குறைவே இல்லை. அவர் முழுக்க முழுக்க நிகழ்கணத்தில்தான் இருக்கிறார். பக்கத்தில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தாலும் கேட்காத அளவுக்கு ஒன்றியிருக்கிறார். அவரிடம் இல்லாதது வேறொன்று. மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று பார்ப்பதற்காகத்தான் அவர் கைபேசியைக் கையில் எடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆகவே ‘கவனம்’, ‘முழுக்கவனம்’ போன்ற சொற்கள் குறையை இல்லாத இடத்தில் தேடுகின்றன.

தமிழ்ப் பௌத்த நூல்கள் இந்த இடத்தில் வேறு ஒரு சொல்லை வைத்திருக்கின்றன. புத்தரின் எண்வகை நெறியை அவை நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்று வரிசைப்படுத்தும். இவற்றுள் ஏழாவதான நற்கடைப்பிடி என்பதே, ஆங்கிலத்தில் ‘ரைட் மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று வழங்கும் ‘சம்மா சதி’. ‘நன்மை கடைப்பிடி’ என்று ஆத்திசூடியில் எல்லோரும் படித்த சொல்தான் இது. விடாது பற்று என்று அங்கே பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். பௌத்த நூல்கள் எதனால் இதைத் தேர்ந்தன என்பது, பழைய காதல் இலக்கண உரையான இறையனார் களவியல் உரையைப் பார்த்தால் விளங்கும். தலைமகனுக்குரிய குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்னும் நான்கை அவ்வுரை கூறி, ‘கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை’ என்று விளக்கம் தருகிறது. மறவாமை என்றால் நினைவில் வைத்தல். பாலியின் ‘சதி’ தாங்கியிருந்த வேர்ப்பொருள், அதனோடு தொடர்பே இல்லாத ஓர் அகப்பொருள் உரையில் தமிழிலேயே கிடைக்கிறது. (பெண்ணுக்குச் சொன்ன அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்பவற்றைத் திரைப்படமும் மேடையும் ஊரெல்லாம் பரப்பின; ஆணுக்குச் சொன்ன இந்த நான்கை யாரும் பரப்பவில்லை. இவை ஆணுக்கு மட்டும் உரியவை என்று இன்று கொள்ள வேண்டியதில்லை என்பது வேறு.)

‘கொண்ட பொருள்’ என்ற தொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பொருள் என்பது இங்கே எடுத்துக்கொண்ட நோக்கம். எடுத்த காரியத்தை அது முடியும் வரை மனத்திலிருந்து நழுவ விடாமல் பிடித்திருத்தலே கடைப்பிடி, அதாவது கடைவரை பிடித்தல். திருக்குறளில் பொச்சாவாமை, அதாவது மறவாமை, என்னும் அதிகாரம் முழுவதும் இதைச் சுற்றியே அமைந்துள்ளது. ‘உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்’ என்று அவ்வதிகாரம் முடிகிறது. நினைத்ததை அடைவது எளிதுதான், நினைத்ததை நினைத்துக்கொண்டே இருக்க முடிந்தால். அந்த ‘பெறின்’ என்ற நிபந்தனையில்தான் முழு இடர்ப்பாடும் அடங்கியிருக்கிறது. அதே அதிகாரத்தின் முதற்குறள், அளவு கடந்த சினத்தைவிடத் தீயது மிகுந்த உவகையால் வரும் சோர்வு என்கிறது. இங்கே சோர்வு என்பது களைப்பு அன்று, மறதி. சினத்தில் இருப்பவருக்குத் தாம் சினத்தில் இருப்பது ஓரளவேனும் தெரியும். மகிழ்ச்சியில் மறந்தவருக்குத் தாம் மறந்தது தெரியாது. விருப்பக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் மாலைப் பொழுதுக்கு இதைவிடப் பொருத்தமான உரையை நான் கண்டதில்லை.

இந்த மறதி தனிமனிதரின் பலவீனத்தால் மட்டும் நேர்வதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய இணையப் பக்கங்களுக்கு, முடியும் இடமாக ஓர் அடி இருந்தது. அங்கே ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நொடியில், போதுமா என்ற கேள்வி எழ இடமிருந்தது. 2006இல் அசா ரஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவிலா உருட்டல், உருட்ட உருட்டப் பக்கம் தானாகவே நீளும்படி செய்து, அந்த அடியை எடுத்துவிட்டது. அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். கடை இல்லாத பக்கத்தில் கடைவரை பிடிப்பது எப்படி என்பது வெறும் சொல் விளையாட்டன்று. எந்த இடத்தில் முடிப்பது என்பதைச் செயலி சொல்லாதபோது, அதை முன்கூட்டியே தாம் கொண்டு செல்ல வேண்டியவராகப் பயனர் ஆகிறார்.

இனி, இது தன்னை அறியும் வழியாவது எப்படி? ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதாக மணிமேகலை காட்டும் பன்னிரு சார்புகளின் வரிசையில் நடுவே வரும் ஐந்து சொற்கள் இதற்கு உதவுகின்றன: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண், செவி முதலிய வாயில்களில் ஒரு பொருள் வந்து படுவது ஊறு. பட்டவுடன் இனிது, இன்னாது, இரண்டுமற்றது என்று எழும் சுவையே நுகர்வு. பாலியில் இதற்கு ‘வேதனா’ என்று பெயர், தமிழில் அதை ‘வேதனை’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். சுவையைத் தொடர்ந்து இன்னும் வேண்டும் அல்லது வேண்டாம் என்ற வேட்கை எழுகிறது. வேட்கை பற்றாக இறுகுகிறது. திரையில் ஒரு படம் தோன்றி, கட்டைவிரல் அதைத் தள்ளுவதற்குள் இந்த வரிசை முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது. கடைப்பிடி இடைபுகக்கூடிய இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள இடுக்குதான்.

ஓர் எடுத்துக்காட்டை அருகே வைத்துப் பார்க்கலாம். சித்தி மகன் புதுமனை புகுவிழாப் படங்களை இட்டிருக்கிறான். தேக்குக் கதவுக்கு முன்னால் குடும்பமே நிற்கிறது. விரல் தானாகவே இதயக்குறியை அழுத்துகிறது, ‘வாழ்த்துகள்டா தம்பி’ என்று தட்டச்சும் ஆகிறது. அதே நேரத்தில் நெஞ்சில் மிகச் சிறியதொரு சுருக்கு விழுந்து, விழுந்த வேகத்தில் மறைகிறது. கடைப்பிடி இல்லாதவர் அதை உணராமல் அடுத்த பதிவுக்குப் போகிறார். அன்று மாலை வீட்டில் வாடகையைப் பற்றி எழும் பேச்சில் எரிச்சல் ஏன் வருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. கடைப்பிடி உள்ளவரிடமும் அந்தச் சுருக்கு விழாமல் இல்லை. ஆனால் அது விழுந்ததை அவர் பார்க்கிறார். இது பொறாமையா, தம் வயதைப் பற்றிய அச்சமா, அப்பாவிடம் கேட்ட பழைய ஒப்பீட்டின் எதிரொலியா என்று பின்னர் எண்ணிப் பார்க்கவும் அவரிடம் சரக்கு இருக்கிறது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதைவிடக் கூர்மையான கண்ணாடி. ஒரு படத்தை வைத்த பத்து நிமிடத்தில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கண் சின்னத்தைத் தொட்டுப் பெயர்களை உருட்டும்போது, பார்வை எந்த ஒரு பெயரைத் தேடுகிறது என்பதை நேர்மையாகக் குறித்துக்கொண்டால் போதும். அந்தப் படம் யாருக்காக வைக்கப்பட்டது என்பது விளங்கிவிடும். ‘எல்லோருக்கும் பகிர்ந்தேன்’ என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் உண்மையில்லை.

இங்கேதான் களவியல் உரையின் இன்னொரு சொல் துணைக்கு வருகிறது. ‘ஓர்ப்பு என்பது ஒரு பொருளை ஆராய்ந்து உணர்தல்.’ கடைப்பிடி நழுவாமல் பிடித்து வைப்பதை ஓர்ப்பு ஆராய்கிறது. பாலி நூல்களும் ‘சதி’யைத் தனியே விடாமல், தெளிந்தறிதல் என்னும் ‘சம்பஜஞ்ஞ’ என்பதோடு இணைத்தே பேசுகின்றன. ஆங்கிலத்தின் ‘செல்ஃப்-அவேர்னெஸ்’ என்பதற்குத் ‘தன்னுணர்வு’ என்றும் ‘தன்னறிவு’ என்றும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. சுருக்கு விழுவதை அந்தக் கணத்தில் உணர்வது முன்னது, அது ஏன் விழுந்தது என்று தெளிவது பின்னது என்று பிரித்து வழங்குவது நல்லது. முன்னதற்குக் கடைப்பிடியும் பின்னதற்கு ஓர்ப்பும் வேண்டும். செயலி காட்டும் ‘இன்று மூன்று மணி நேரம்’ என்ற கணக்கு இரண்டில் எதுவும் ஆகாது. அது வெறும் எண். அதைப் பார்த்துக் குற்ற உணர்வு கொண்டு, அந்தக் குற்ற உணர்வை ஆற்ற மறுபடியும் இன்ஸ்டாகிராமைத் திறப்பவர்கள் உண்டு.

கடைப்பிடித்தல் என்ற வினையை வள்ளுவர் ஆளும் ஓரிடம், இந்தப் பொருளுக்கு இலக்கணமே வகுத்துவிடுகிறது. மருந்து அதிகாரத்தில், ‘அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து’ என்கிறார். ‘கடைப்பிடித்து’ என்பதற்குப் பரிமேலழகர் ‘குறிக்கொண்டு’ என்று உரை எழுதுகிறார். மனத்தில் இருத்தி, நோக்கத்தோடு என்பது அதன் கருத்து. முன் உண்டது அற்றுப்போனது தெரிந்தபின், மிகப் பசித்து, உடலோடு மாறுபடாதவற்றைக் குறிக்கொண்டு உண்ண வேண்டும். ‘துவர’ என்ற சொல்லுக்கு அவர் சொல்லும் காரணம் இன்னும் நுட்பமானது: உண்டது அற்றாலும் அதன் சாரம் அற்றிருக்காது, அதுவும் அற வேண்டும் என்பதற்காகவே மிகப் பசித்து என்றார் என்கிறார். ஒரு மரணச் செய்தியின் கீழே ஒரு நகைச்சுவைக் காணொளி, அதன் கீழே ஒரு சாதிச் சண்டை, அதன் கீழே ஒரு குழந்தையின் பிறந்தநாள் என்று வரும் ஓட்டத்தில் எதுவும் அறுவதில்லை. முந்தையதன் சாரம் மனத்தில் ஊறிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விழுகிறது. பசித்துப் பார்த்தோமா, பார்த்துப் பசித்தோமா என்பதும் தெரியாமல் போகிறது.

இச்சொல்லை இன்றைய எழுத்தில் ஆள்வதில் ஒரு தடை உண்டு. விதிமுறைகளைக் கடைப்பிடித்தல், விரதம் கடைப்பிடித்தல், இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடித்தல் என்று வினை வடிவம் பொதுவழக்கில் ‘பின்பற்றுதல்’ என்ற பொருளுக்குள் இறுகிவிட்டது. எனவே ‘சமூக ஊடகத்தைக் கடைப்பிடியுங்கள்’ என்று எழுதினால் விபரீதமாகப் பொருள்படும். பெயர்ச்சொல்லாக ஆளும்போது இந்தக் குழப்பம் இல்லை: ‘கடைப்பிடியோடு பார்த்தல்’, ‘கடைப்பிடிப் பயிற்சி’ என்று எழுதலாம், தியானம், உளவியல் ஆகிய துறைகளுக்கு ‘நற்கடைப்பிடி’ என்ற முழு வடிவமே தெளிவு. வினையடை தேவைப்படும் இடங்களில், பரிமேலழகர் கொடுத்த ‘குறிக்கொண்டு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். ‘குறிக்கொண்டு திற, குறி முடிந்ததும் மூடு’ என்று பதின்வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அதற்கு அகராதி தேவைப்படாது. ‘முழுக்கவனம்’, ‘நிறைகவனம்’ ஆகியவை மூச்சுப் பயிற்சி வகுப்புகளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டதால், அவற்றை அங்கிருந்து பெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை.