விப்லாஷ்: சாட்டையடியும் இல்லை, சுளுக்கும் இல்லை

மசாஜ் பயிற்சிக் குறிப்புகளின் தமிழாக்கங்களில் கழுத்துப் பாடம் வந்துவிட்டால், கழுத்து திடீரென வீசப்பட்டு உள்ளே சேதமாவதைக் குறிக்கும் ‘விப்லாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘சாட்டையடிக் காயம்’ என்ற தொடர் தவறாமல் வந்து நிற்கும். வடமொழிச் சாயல் பிடித்தவர் கையில் அது ‘கசையடிக் காயம்’ ஆகும். பேச்சுவழக்கை விரும்புகிறவர் ‘சவுக்கடி’ என்பார். கசை வடமொழியிலிருந்து வந்தது, சவுக்கு பாரசீகத்திலிருந்து வந்தது, சாட்டை நம்முடையது. எந்தச் சாட்டையை எடுத்தாலும் பிழை ஒன்றுதான், அது ‘அடி’யில் இருக்கிறது.

விப்லாஷில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. கழுத்தின் மேல் எதுவும் படக்கூட வேண்டியதில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘விப்’ என்றால் சாட்டை. ‘லாஷ்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: விளாசும் அடி ஒன்று, கைப்பிடிக்கு அப்பால் நெளிந்தாடும் வார் அல்லது கயிறு மற்றொன்று. மருத்துவத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஹெரால்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர். 1928-இல் ஒரு மருத்துவர் கூட்டத்தில், கழுத்து திடீரென முன்பின்னாக வீசப்படும் அசைவைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். 1964-இல் அவரே அதற்காக வருந்தி எழுதினார். தாம் ஓர் அசைவை விவரிக்கச் சொன்னதை மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்கறிஞர்களும் ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது அவருடைய குறை. சொல்லைப் புழக்கத்தில் விட்டவரே வருந்திய பிறகு, அதில் மிகத் தவறான பாதியைப் பொறுக்கியெடுத்து நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

சாட்டையைச் சொடுக்குபவரின் கையைக் கவனித்தால் உவமை எங்கே இருக்கிறது என்று தெரியும். முதலில் அசைவது கைப்பிடி. கயிறு அதன் பின்னால் நெளிந்து வருகிறது. நுனி கடைசியாகத்தான் வந்து சேரும், வரும்போது மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக வரும். நிற்கிற காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதும்போது இதுவே நடக்கிறது. இருக்கை உடம்பை முன்னே தள்ளுகிறது, உடம்புதான் கைப்பிடி. கழுத்து கயிறு. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை நுனி. தலை பின்னால் போய் அடித்ததாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் தலை இருந்த இடத்திலேயே சற்று நிற்க, உடம்பு அதன் அடியிலிருந்து முன்னே நழுவுகிறது. முதல் 0.1 நொடிக்குள் கழுத்து இரட்டை வளைவு எடுக்கிறது: கீழ்க்கழுத்து முள்ளெலும்புகள் பின்புறமாக மிகையாக வளைய, மேல்பகுதி முன்புறமாக மடிகிறது. கழுத்துத் தசைகள் விழித்துக்கொண்டு இறுகுவதற்குள் இந்த வளைவு நடந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் முள்ளெலும்புகளின் பின்புறச் சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய உறைகளும் நசுங்கவோ இழுபடவோ செய்கின்றன. தசையில் மட்டும் வலியைத் தேடுகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

இவ்வளவும் நடந்த கழுத்தின் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. ‘சாட்டையடிக் காயம்’ என்று படித்துப் பழகிய மசாஜ் சிகிச்சையாளர் என்ன தேடுவார்? தடிப்பு, கன்றல், வார்த் தழும்பு. ஒன்றும் இல்லையென்றால் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டி, முழு வலுவில் பிசையத் தொடங்குவார். பெயர் கையைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது. போதாக்குறைக்கு, செய்தித்தாள் தமிழில் சாட்டையடி என்றால் காரசாரமான பதில் என்று பொருள். ஓர் அறிக்கைக்கு எதிர் அறிக்கை வந்தால் அது சாட்டையடி. அந்தச் சொல்லைக் கழுத்துக்கு மாட்டினால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேருக்குப் புரியாது.

சாட்டையடியைக்கூட மன்னிக்கலாம், அந்நியமாக ஒலிப்பதால் கேட்டவர் நின்று பொருள் கேட்பார். ‘கழுத்துச் சுளுக்கு’ நிற்கவே விடாது. அது நல்ல தமிழ், எல்லோருக்கும் தெரிந்த தமிழ். ஆபத்தும் அதில்தான். காலையில் எழுந்து கழுத்தைத் திருப்ப முடியாமல் போவதும் சுளுக்கு, கணுக்கால் மடங்கி நார் கிழிவதும் சுளுக்கு, தசை இழுத்துப் பிடிப்பதும் சிலர் வாயில் சுளுக்கு. எலும்பை எலும்போடு கட்டும் நாருக்கு நேர்ந்ததையும் தசைக்கு நேர்ந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தொழிலில் இந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதோடு சுளுக்கு என்ற பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் துணையாக வரும் வினைகளைப் பாருங்கள்: சுளுக்கு எடுப்பது, சுளுக்கு வழிப்பது, உருவிவிடுவது. பெயரைச் சொன்னதுமே மருந்தும் சொல்லியாயிற்று. மோதலுக்குள்ளான கழுத்தை முதல் மூன்று நாளில் உருவி, இழுத்து, ஒரு வெட்டு வெட்டித் திருப்புவது செய்யவே கூடாத காரியம். எலும்பில் விரிசலோ, முள்ளெலும்புத் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனியின் உள்சுவரில் கிழிசலோ இருந்தால், அந்த ஒரு திருப்பல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம்.

‘கழுத்துச் சொடுக்கு’ என்றும் ஒரு ஆக்கம் உலவுகிறது. சாட்டையைச் சொடுக்குவது நல்ல வழக்குதான், உவமையின் சரியான பாதியையும் அது பிடித்திருக்கிறது. ஆனால் விரலில் சொடக்கு எடுப்பதும் கழுத்தில் நெட்டி முறிப்பதும் பக்கத்திலேயே நிற்கின்றன. விபத்தின் பெயரும், அந்த விபத்துக்குப் பிறகு செய்யக்கூடாத செயலின் பெயரும் ஒரே ஒலியில் இருந்தால் எப்படி? கணினித் தமிழ் வேறு ‘இங்கே சொடுக்கவும்’ என்று பழக்கிவைத்திருக்கிறது. ‘வெட்டிழுப்பு’ என்றால் வலிப்பு நோய் நினைவுக்கு வரும். அதுவும் கழிந்தது.

நான் முன்வைப்பது வீச்சு. அரிவாள் வீச்சு, கைவீச்சு, சாட்டை வீச்சு என எல்லாவற்றிலும் ஒரு முனை பிடிபட்டிருக்க மறுமுனை பறக்கிறது. ‘கழுத்து வீச்சு’ என்றால் கழுத்து வீசப்பட்டது என்று விளங்கும், அடி என்ற எண்ணமே வராது. கார் மோதல் மட்டுமல்ல, விளையாட்டில் இடித்துத் தள்ளப்படுவது, நீரில் குதிக்கும்போது நேரும் விபத்து, படியில் வழுக்குவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஆனால் அசைவுக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டு நிறுத்தினால் குரோ செய்த பிழையையே செய்தவர்களாவோம். 1995-இல், விப்லாஷை ஆராய்ந்த கனடாவின் கியூபெக் பணிக்குழு இதை மூன்றாகப் பிரித்தது: கழுத்துக்கு விசை கடத்தப்படும் விதம், அதனால் எலும்பிலோ மென்திசுவிலோ உண்டாகும் சேதம், அதன்பின் தொடரும் தொல்லைகளின் தொகுப்பு. தமிழிலும் மூன்று வேண்டும். முதலாவது கழுத்து வீச்சு. இரண்டாவது வீச்சு உட்காயம். காயம் என்று தனியே சொன்னால் தோல் திறந்த புண்ணையே நாம் எண்ணுகிறோம், ஆகவே ‘உள்’ இல்லாமல் முடியாது. ஊமைக்காயம் என்ற அழகான சொல் இருக்கிறது. அது கன்றிப்போன சதைக்குப் பொருந்துமே தவிர மூட்டு உறைக்குப் பொருந்தாது. மூன்றாவது வீச்சுவழிக் கோளாறுகள்: தலைவலி, கிறுகிறுப்பு, தாடை வலி, தூக்கக் கேடு, கவனக் குறைவு வரை எல்லாம்.

அதே குழு வகுத்த படிநிலைகளும் இப்போது சொல்ல வசதியாகிவிடும். படி 0-இல் தொல்லையும் இல்லை, அறிகுறியும் இல்லை. 1-இல் வலி, விறைப்பு மட்டும். 2-இல் திருப்பும் எல்லை குறைந்திருக்கும், தொட்டால் வலிக்கும் இடங்கள் இருக்கும். 3-இல் கை மரத்துப்போதல், வலுக்குறைவு, அனிச்சைச் செயல் மங்குதல். 4 என்றால் எலும்பு முறிவு அல்லது இடப்பெயர்ச்சி. மசாஜ் சிகிச்சையாளரின் வேலை 1, 2-இல்தான். 3-இல் மருத்துவர் சொல்லாமல் கைவைக்கக் கூடாது, 4 மசாஜ் சிகிச்சையாளரின் வேலையே அல்ல.

வீச்சு என்ற சொல்லுக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. இயற்பியலில் அது அலையின் உயரம். இயன்முறை சிகிச்சைக் (பிசியோதெரபி) குறிப்புகளில் ‘இயக்க வீச்சு’ என்று மூட்டு எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே சொல்லால் எழுதுகிறார்கள். ‘வீச்சுக் காயத்தால் வீச்சுக் குறைவு’ என்று எழுத நேர்ந்தால் அசிங்கம்தான். விட்டுக்கொடுக்க வேண்டியது இரண்டாவது வழக்கு. மூட்டு திரும்பும் அளவுக்கு ‘அசைவெல்லை’ தெளிவாகவே இருக்கிறது, அங்கே எதுவும் வீசப்படுவதில்லையே. ‘விப்லாஷ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே’ என்பவர்களோடு பாதி உடன்பாடு: மருத்துவர் தரும் சீட்டில் அதுதான் இருக்கும், சிகிச்சையாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மேசையில் படுத்திருப்பவரிடம் ‘உங்களுக்கு விப்லாஷா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘சமீபத்தில் எதிலாவது மோதியோ விழுந்தோ கழுத்து வீசிப்போனதா?’ என்றால் பதில் வரும்.

பதில் ‘ஆம்’ என்றால் அடுத்த கேள்வி, எத்தனை நாள் ஆயிற்று என்பது. வலி உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏறுவது வழக்கம்; ‘அன்றைக்கு ஒன்றும் இல்லை’ என்பது நல்ல சான்று அல்ல. மருத்துவர் இன்னும் பார்க்கவில்லை என்றால், வயது 65 அல்லது அதற்கு மேல், உயரத்திலிருந்து விழுந்தது அல்லது வண்டி உருண்டது, கைகால் மரத்தல், தலையை இரு பக்கமும் தானாக 45 பாகை திருப்ப முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜ் கிடையாது. இதற்கு முன் அனுபவித்திராத தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கத் தடுமாற்றம், முகம் மரத்தல், ஒரு கண்ணிமை தொங்குதல் என்றால் உடனே மருத்துவமனை.

கைவைக்கலாம் என்று தெரிந்த பிறகும் முதல் நாட்களில் ஆழமான அழுத்தமும் வலுவான நீட்டலும் வேண்டாம். குப்புறப் படுக்கவைத்து முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் புண்பட்ட மூட்டை முழு எல்லைக்கு முறுக்கியதாகும். மல்லாந்தோ ஒருக்களித்தோ, கழுத்தடியில் மெல்லிய துண்டுச் சுருளோடு படுக்கட்டும். தோளிலும் மேல்முதுகிலும் நீவித் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையில் பிடிக்கும் தூக்குதசைக்கு வந்து, மண்டையோட்டுக்குக் கீழே பிடரியில் உள்ள தசைகளைக் கடைசியில் தொட வேண்டும். அங்கே விரல் அழுத்தவே தேவையில்லை. தலையின் எடை விரல்நுனியில் இறங்கினால் போதும். காதின் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையை எப்போதும் இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பிசைய வேண்டும், உள்நோக்கி அழுத்தக் கூடாது. அதன் அடியில் தலைக்குப் போகும் பெருந்தமனி ஓடுகிறது. குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு மட்டத்தில் அதை அழுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சரிந்து மயக்கம் வரலாம். விரலடியில் துடிப்பு தெரிந்தால் கை உடனே நகர வேண்டும்.

இந்தப் பாடத்தின் மற்ற மொழிபெயர்ப்புகளும் சாட்டையடிக்கு இளைத்தவை அல்ல. ‘டெண்டர்’ என்பதை ‘மென்மையான பகுதி’ என்று எழுதுகிறார்கள். தொட்டால் வலிக்கும் இடம் என்பது பொருள். கழுத்தில் மென்மை இருப்பது நல்லதுதானே என்று மாணவர் எண்ணினால் அவர்மேல் தவறில்லை. ‘தொடுவலி’ என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ‘ரெஃபர்டு’ வலி ‘குறிப்பிடப்பட்ட வலி’ ஆகியிருக்கிறது, யாரோ கடிதத்தில் குறிப்பிட்டதுபோல. கழுத்துத் தசையில் பிறந்து நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ தெரியும் வலி அது. ‘இடம்மாறு வலி’ என்றால் வேலை முடிந்தது. ‘டென்ஷன்’ தலைவலியைப் ‘பதற்றத் தலைவலி’ ஆக்கி, நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோன்ற வலியை மனநிலைக் குறையாக மாற்றிவிட்டார்கள். ‘இறுக்கத் தலைவலி’ என்றிருக்க வேண்டும். கார் இருக்கையின் ‘ஹெட் ரெஸ்ட்ரெய்ண்ட்’கூட ‘தலைச்சாய்வு’ ஆகிவிட்டது. சாய்ந்து தூங்குவதற்கு என்று எண்ணிப் பலர் அதைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அது தலைத்தடுப்பு. மேல்விளிம்பு தலையின் உச்சி மட்டத்துக்கு இருக்க வேண்டும், தலைக்கும் அதற்கும் இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. வீச்சைக் குறைப்பதற்கென்றே உள்ள பொருள் அது.

அகராதி முன்னால் இருந்தும் பொருள் புரியாமல் எழுதுவதால் வரும் வினை இது. சொல் தூய தமிழா என்று பார்ப்பதற்கு முன், அதைப் படித்தவர் கை எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். சாட்டை தூய தமிழ்தான்.

புணர்ச்சி பற்றி ஒன்று. இலக்கணப்படி வீச்சும் உட்காயமும் சேர்ந்தால் ‘வீச்சுட்காயம்’ ஆகும். வாயில் நுழையாது, கண்ணுக்கும் பிரியாது. வாடிக்கையாளர் அட்டையில் ‘வீச்சு உட்காயம், படி 2, 6-ஆம் நாள்’ என்று பிரித்தே எழுதலாம்.