புரோ ராட்டா: ஆள்வீதப் பங்கு

அமெரிக்க வான்போக்குவரத்து விதிகளின் 61.113ஆம் பிரிவில் வரும் சொல் இது. தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. கூட வருபவர்களோடு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்; ஆனால் தன் 'புரோ ராட்டா' பங்குக்குக் குறையாமல் அவரும் போட வேண்டும்.

இலத்தீனில் 'புரோ ராட்டா பார்த்தே' என்ற தொடர் கடைசிச் சொல்லை உதிர்த்துவிட்டு இப்படி நிற்கிறது. 'கணக்கிட்ட பங்கின்படி' என்று பொருள். ரேட், ரேஷன் எல்லாம் அதே வேர்தான். தமிழில் 'விகிதாசாரப்படி' என்பார்கள். காப்பீட்டுக் கணக்குக்கு அது சரி. இங்கே எடை விகிதமா, தூர விகிதமா என்று குழப்பும். விதி கேட்பது தலைக்கணக்கு, விமானியின் தலையும் சேர்த்து. அதனால் 'ஆள்வீதப் பங்கு' என்பதே பொருந்தும்.

நான்கு பேர் பறக்க 360 டாலர் ஆனால் விமானி குறைந்தது 90 டாலர் போட வேண்டும். கூடப் போட்டால் தவறில்லை. மற்ற மூவரும் தலைக்கு 120 போட்டு அவரைச் சும்மா ஓட்டவிட்டால் விதிமீறல். அவர் கையில் காசு வராவிட்டாலும், செலவில்லாமல் சேரும் பறப்பு நேரமே ஊதியமாகக் கொள்ளப்படும். எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றை மட்டுமே பகிரலாம். சொந்த விமானத்தின் காப்பீடும் ஆண்டுச் சோதனையும் உரிமையாளர் பாடு.

கணக்கு சரியாக இருந்தாலே போதாது. சேருமிடத்தில் விமானிக்கும் சொந்தக் காரியம் இருக்க வேண்டும். 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று பொதுவில் கூவவும் கூடாது. இணையத்தில் இருக்கை பகிர வழிசெய்த ஃபிளைட்நவ் நிறுவனம் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது இதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலோ விமானியையும் சேர்த்து ஆறு பேர் வரை நேரடிச் செலவைப் பகிரலாம், விளம்பரமும் செய்யலாம். விமானியும் பங்கு போட வேண்டும் என்கிறார்களே தவிர, எவ்வளவு என்று சொல்வதில்லை. அங்கே இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

  

ஆள்வீதக் கணக்கிலேயே ஓர் ஆபத்தும் உண்டு: ஆள் கூடக் கூடப் பங்கு குறைவதால் நான்காவது இருக்கையையும் நிரப்பத் தோன்றும். நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172 எஸ் ஏறத்தாழ 400 கிலோ சுமக்கும். முழுத் தொட்டி எரிபொருளே சுமார் 144 கிலோ. மிச்சம் 256. தலைக்கு 75 கிலோ வைத்தாலும் நால்வர் 300, பெட்டிகள் தனி. எரிபொருளில் அறுபது லிட்டராவது குறைத்தால்தான் புறப்படலாம். அந்த அறுபது லிட்டர் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பறப்புக்கு ஆகும் என்பதால், வழியில் எங்கே எரிபொருள் நிரப்புவது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அப்படி இறங்கும் நிலையத்தின் கட்டணத்தையும் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.