பாலிஷ் துடைத்த துணியை எங்கே போடுகிறீர்கள்?

மேசைக்கோ கதவுக்கோ தாமே ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) அடிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் நிறத்தைப் பற்றித்தான். துடைத்த துணியை என்ன செய்வது என்று கேட்பவர்கள் அபூர்வம். வீட்டையே எரிக்கக்கூடியது அந்தத் துணிதான்.

லின்சீட் ஆயிலும் (மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய்) எண்ணெய் வகை ஸ்டெயினும் தண்ணீர் போல ஆவியாகிக் காய்பவை அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகின்றன. அப்போது சூடு பிறக்கும். மரத்தின் மேல் மெல்லிய பூச்சாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் திணித்தால் உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற வினையும் வேகமெடுக்கும். தீக்குச்சியே இல்லாமல், சில மணி நேரத்தில் துணி பற்றிக்கொள்ளும். நம்பாதவர்களுக்கு: 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படி விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

துணிகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் வெளியே நிழலில் விரித்துப் போடுங்கள். அட்டை போல விறைத்தபின் எறியலாம். இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் மூழ்கவிட்டு இறுக மூடுங்கள். தண்ணீர் வகை ஸ்டெயினில் இந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் வாங்கியது எந்த வகை என்று டப்பாவிலேயே இருக்கும், படித்துவிடுங்கள்.

ஸ்டெயினை இளக்கும் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை அடுப்பு வரைக்கும் போகும். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும்.

இனி அழகு. உப்புத்தாளை மரத்தின் ரேகையோடு தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல்களை ஸ்டெயின் காட்டிக்கொடுத்துவிடும். 180 நம்பரோடு நிறுத்தினால் போதும். கண்ணாடி போல வழுவழுப்பாக்கினால் நிறம் பிடிக்காது. பலகையின் வெட்டுமுனை அதிகம் உறிஞ்சிக் கருத்துப்போகும், அங்கே மட்டும் இன்னும் நைசாகத் தேயுங்கள். மிச்ச ஸ்டெயினைத் துடைத்தே ஆகவேண்டும். மரத்தில் பிடித்த ஸ்டெயின் முழுக்கக் காயுமுன் சீலர் (ஈரம் புகாமல் மூடும் மேல்பூச்சு) அடித்தால் பிசுபிசுக்கும், பிறகு உரியும். ஒரு நாள் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மேசையின் அடிப்பக்கத்துக்கும் சீலர் அடியுங்கள். மேலே மட்டும் மூடினால் ஈரம் கீழ்வழியாக ஏறி இறங்கி, பலகை வளைந்துகொள்ளும்.