உணவுக்கு முன் வெப்பம்: மலையகக் குளிரில் மீட்கப்பட்ட ஒரு பாம்பு

தை மாதத்து இரவொன்றில், ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டு இஸ்தோப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வந்து சேர்ந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைக் கூட்டச் சென்ற அயலவர், அலுமாரிக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்திருந்தார். உள்ளே ஒரு மீற்றர் நீளமான பாம்பொன்று, தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டு கிடந்தது. விற்பவர்கள் ‘போல் பைத்தன்’ என்று சொல்லும், மேற்கு ஆபிரிக்காவையும் மத்திய ஆபிரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு அது. நம் நாட்டில் வெங்கிணாந்தி என்றும் மலைப்பாம்பு என்றும் அழைக்கப்படும் பாம்பின் தூரத்து உறவு, நஞ்சற்றது. முதுகெலும்பு கூரையின் முகடுபோல மேலெழுந்து, இரு பக்கமும் சதை வற்றிச் சரிந்திருந்தது. தொட்டபோது ஆற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்தது.

பார்க்க வந்த எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியது: பட்டினி கிடக்கிறது, எதையாவது கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டு அம்மா கிண்ணத்தில் பால் கொண்டு வந்தார். இன்னொருவர் எலிப்பொறியை எடுக்கப் போனார். அவர்களது இரக்கத்தில் குறை இல்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பாம்பு ஓர் எலியை விழுங்கியிருந்தால், அந்த எலியே அதன் உயிருக்கு உலையாகியிருக்கக்கூடும். மீட்கப்பட்ட பாம்பைப் பேணுவது பற்றிய ஏறத்தாழ எல்லா விடயங்களும் அந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைவிடுகின்றன.

நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி, உடலை 37 பாகை செல்சியஸில் வைத்திருப்பதற்கே செலவாகிறது. பாம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை. அதன் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தை வெயிலிலிருந்தும், வெயில் காய்ந்த மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. அதே எடையுள்ள பாலூட்டி ஒன்றுக்குத் தேவைப்படும் சக்தியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகக் கொண்டே பாம்பு வாழ முடிவதும், மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்க முடிவதும் இதனால்தான். இந்தச் சிக்கனத்துக்கு அது கொடுக்கும் விலை, வெளியே வெப்பம் இல்லையென்றால் உள்ளே எதுவும் ஓடாது என்பதாகும். நொதியங்கள் நடத்தும் வேதியல் தாக்கங்களின் வேகம், வெப்பநிலை 10 பாகை குறையும்போது அரைவாசியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ விழுகிறது. ஆபிரிக்கப் புல்வெளியில் 30 பாகையில் வாழ வேண்டிய உயிர், ஹட்டனின் தை மாத இரவில் 15 பாகையில் கிடக்கும்போது, அதன் அனுசேபம் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடையே எங்கோ தத்தளித்துக்கொண்டிருக்கும்; அனுசேபம் என்பது உயிரைக் காக்க உடலுக்குள் நடக்கும் இந்தத் தாக்கங்களின் தொகுப்பு.

அந்த நிலையில் உணவு உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, மலைப்பாம்பின் சமிபாடு எவ்வளவு பெரிய வேலை என்பதை அறிய வேண்டும். உணவில்லாத நாட்களில் அது தன் குடலைச் சுருக்கி வைத்துவிடுகிறது. இரைப்பையில் அமிலம் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. இரை விழுங்கப்பட்டதும் அடுப்பைப் புதிதாக மூட்டுவதுபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பர்மிய மலைப்பாம்புகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: உண்ட பின்னர் குடலின் நிறை இரு மடங்காகிறது, அனுசேபம் பல மடங்கு உயர்கிறது, 48 மணித்தியாலங்களுக்குள் இதயத்தின் கீழறையே 40 சதவீதம் பெரிதாகிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. உணவைக் கரைப்பதற்காக ஓர் உயிர் தன் இதயத்தையே வளர்த்துக்கொள்கிறது என்பதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் அடங்கவில்லை. இவ்வளவும் வெப்பம் இருந்தால் மட்டுமே நடக்கும். குளிரில் அமிலம் போதிய அளவு சுரக்காது. ஆனால் இரையின் குடலிலிருந்த பற்றீரியாக்கள் காத்திருப்பதில்லை. விழுங்கிய எலி உள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிட்டால் உயிர் தப்பும், எனினும் எஞ்சியிருந்த நீரையும் வலுவையும் அதனுடன் இழக்கும்.

ஆகவே அந்த முதல் இரவில் செய்தது வெப்பம் கொடுத்தது மட்டும்தான், அதையும் மெதுவாக. மீன் வரும் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, காற்றுத் துளைகள் இட்டு, அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, துணி சுற்றிய இரண்டு வெந்நீர்ப் போத்தல்களை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். விறகடுப்பின் அருகே வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. புகை பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. விடியும்போது பெட்டியின் சூடான பக்கம் 26 பாகையை எட்டியிருந்தது. பாம்பு முதன்முறையாக நாக்கை வெளியே நீட்டியது.

ஒரு பக்கத்தில் மட்டும் என்பதே இதில் முக்கியம். பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் பாம்புக்குத் தெரிவு இல்லை. பந்து மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை வரையும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகை வரையும் இருப்பது நல்லது. உண்ட பின்னர் சூட்டை நாடும், தேவை தீர்ந்ததும் விலகும். தன் உடலின் வெப்பநிலையை அது கால்நடையாகவே சீர்செய்கிறது என்று சொல்லலாம், கால் இல்லாவிட்டாலும் அதற்குள்ள ஒரே கருவி இடம் பெயர்வதுதான். ஒளிந்துகொள்ளும் மறைவிடம் இரண்டு பக்கத்திலும் வேண்டும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் மறைவிடம் வைத்தால், அச்சம் வெப்பத்தின் தேவையை வென்றுவிடும். பாம்பு சூட்டை விட்டுவிட்டு இருட்டிலேயே கிடந்து மெலியும். மின்சூடாக்கி பயன்படுத்துவோர் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியின்றி அதை இயக்கவே கூடாது. கட்டுப்பாடற்ற சூட்டின் மீது அசையாமல் கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி கொண்டுவரப்படுகின்றன.

நோயுற்ற பாம்புக்கு இந்த வெப்பமே மருந்துமாகும். 1975ஆம் ஆண்டில் வெளியான ஒரு புகழ்பெற்ற பரிசோதனையில், பற்றீரியாத் தொற்றுக்கு உட்படுத்தப்பட்ட பாலைவன இகுவானாக்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைக்கப்பட்டன. சூடாக இருந்தவை பெருமளவில் பிழைத்தன, குளிரில் இருந்தவை பெருமளவில் மடிந்தன. நமக்குக் காய்ச்சல் உடலுக்குள்ளிருந்து வருகிறது. ஊர்வனவோ காய்ச்சலை வெளியே தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடுவதற்குச் சூடான இடமே இல்லாத பெட்டியில் நோயை எதிர்க்கும் அவற்றின் நிர்ப்பீடனம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு பாம்புக்கு இல்லை. சளி சேர்ந்தால் நம்மைப்போல இருமி வெளியேற்ற அதனால் முடியாது. மூக்குத் துளையில் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சு, தலையை மேலே தூக்கி வைத்திருத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மலையகத்தில் பலரும் தவறும் இடம் ஈரப்பதன். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வருகிறது, துவைத்த துணி மூன்று நாள் காய்வதில்லை; இங்கே பாம்புக்கு ஈரம் போதாமல் போகுமா என்று யாருக்கும் தோன்றும். போகும் என்பதே விடை. வளி சூடாகச் சூடாக அது ஏந்தக்கூடிய நீராவியின் அளவு கூடிக்கொண்டே போகிறது. அந்த அளவில் எத்தனை சதவீதம் உண்மையில் வளியில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். 15 பாகையில் 90 சதவீத சாரீரப்பதனுடன் உள்ளே வந்த அதே வளியை 30 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி சற்றும் குறையாதபோதும், சாரீரப்பதன் ஏறத்தாழ 36 சதவீதமாக விழுந்துவிடும். பந்து மலைப்பாம்புக்கோ 55 முதல் 70 சதவீதம் வரை வேண்டும். வெளியே பனி கொட்டும் இரவில், சூடாக்கப்பட்ட பெட்டிக்குள் வறட்சி நிலவுகிறது. அதில் நீண்ட நாள் கிடந்த பாம்பின் தோல் ஒரே சட்டையாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் வந்த பாம்பின் வாலில் பழைய தோல் மூன்று வளையங்களாக இறுகிக் கிடந்தது. நனைத்துப் பிழிந்த பாசியை ஒரு சிறிய டப்பாவில் இட்டு, நுழைய வாசல் வெட்டி உள்ளே வைத்தோம். பெட்டி முழுவதையும் நனைத்தால் தோலில் புண் வரும், இந்த ஈர அறை மட்டும் இருந்தால் வேண்டியபோது அதுவே போய்ப் படுக்கும்.

இரண்டாம் நாள் வெதுவெதுப்பான நீர் வைத்தபோது, தாடையை நீரில் பதித்து, நீண்ட நேரம் குடித்தது. தாகத்தினால் பாம்பு பாலையும் குடிக்கக்கூடும், ஆனால் அதைச் செரிக்கும் குடல் அதற்கு இல்லை. புற்றடியில் பால் வார்க்கும் பக்தி நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. அதை நான் மதிக்கிறேன். உயிருள்ள பாம்புக்கு மட்டும் தண்ணீரே கொடுப்போம்.

அன்றே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தோம். இது விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அன்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் மலைப்பாம்பைப் பாதுகாக்கிறது. வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரவும் முடியாது. இரக்கத்தினால் காட்டில் விட்டுவிடுவது இன்னும் பெரிய தவறு. ஆபிரிக்கப் பாம்பு இந்தக் குளிரில் சில வாரங்களில் சாகும். சாகாமல் தாழ்நிலத்தில் பெருகினாலோ, புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பாலூட்டிகளுக்குச் செய்த அழிவு இங்கும் வரும். மேலும், பெட்டியில் இருப்பது இன்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாதவர் அதைத் திறக்கவே வேண்டாம். நம் தேயிலை மலைகளிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் நஞ்சுள்ள குழிவிரியன்கள் வாழ்கின்றன. பருத்துக் குறுகிய உடலைக் கண்டு மலைப்பாம்புக் குட்டி என்று ஏமாறக்கூடாது.

உரிய இடம் கிடைக்கும்வரை, கண்டியில் ஒரு கால்நடை மருத்துவர் பொறுப்பேற்றார். ஹட்டனுக்கும் கண்டிக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 770 மீற்றர் குறைகிறது. அந்த இறக்கமே 5 பாகை வெப்பத்தைச் சும்மா தந்தது. வார இறுதிகளில் நான் போய் உதவினேன். நிறை 640 கிராம். உடலெங்கும் மிளகுத்தூள்போல உண்ணிகள். வெள்ளைத் தாள் விரித்ததால் அவை உடனே தென்பட்டன. தோட்டத்துப் பூச்சிமருந்தை இதற்குத் தெளிப்பவர்கள் உண்ணியுடன் பாம்பையும் கொல்கிறார்கள். மருத்துவர் சொல்லும் மருந்தைத் தவிர வேறெதுவும் ஆகாது. தொட்ட பின்னர் சவர்க்காரம் இட்டுக் கை கழுவுவதும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தள்ளி வைப்பதும் கட்டாயம். நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சல்மனெல்லா என்ற நோய்ப் பற்றீரியாவைச் சுமக்கும்.

வெப்பமும் நீரும் நிலைபெற்று ஏழு நாட்கள் கடந்த பின்னரே முதல் உணவு வந்தது. பட்டினி கிடந்த உடலுக்கு வழமையான அளவு கொடுத்தால் குருதியிலுள்ள உப்புகளின் சமநிலை குலையும் என்பதால், அதன் பருமனுக்கு உரிய இரையில் மூன்றில் ஒரு பங்கு அளவான சிறு சுண்டெலி. வீட்டில் பிடித்த எலியை ஒருபோதும் கொடுப்பதில்லை: அது பாஷாணம் தின்றிருக்கலாம், ஒட்டுண்ணிகளையும் கொண்டிருக்கும். உயிரோடு விட்டால் எலியே மெலிந்த பாம்பைக் கடித்துக் குதறிவிடும். உறைய வைத்ததை நன்றாக உருக்கி, வெந்நீரில் வைத்து 38 பாகைக்குச் சூடாக்கினார் மருத்துவர். மலைப்பாம்பின் உதட்டு ஓரத்தில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தை உணரும் உறுப்புகள். அங்குள்ள நரம்புகளில் வெப்பத்துக்குத் திறக்கும் ‘டிஆர்பிஏ1’ என்ற புரதவாயில் இருப்பதை 2010ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். குளிர்ந்த எலி அந்தக் குழிகளுக்கு எலியாகவே தெரியாது. சூடேறிய எலியைக் கண்டதும் பாம்பின் கழுத்து மெல்ல வளைந்தது. அடுத்த கணம் பாய்ந்து பற்றியது. இரண்டு நாட்கள் யாரும் அதைத் தொடவில்லை.

இதை நிரந்தரமாக ஏற்க ஒருவரைத் தேடும்போது மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, இன்னும் முப்பது ஆண்டுகள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில், 1961ஆம் ஆண்டில் தனியார் ஒருவர் ஒப்படைத்த பந்து மலைப்பாம்பு, 2020ஆம் ஆண்டில், தன் 62 வயதளவில், ஏழு முட்டைகள் இட்டது.

நாற்பத்தோராம் நாள் காலையில், ஈரப் பாசி இருந்த டப்பாவின் வாசலில் சட்டை கிடந்தது. வால் நுனி வரை கிழியாமல், உட்புறம் வெளியாகத் திரும்பி, ஒரே துண்டாக இருந்தது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழல வேண்டும், கழலாமல் தங்கினால் பார்வை மங்கும். மருத்துவர் அந்தத் தலைப்பகுதியை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு கண் செதில்களும் அதில் இருந்தன.